ரெண்டாம் பாகத்துல செத்துப்போனவ

மொதல் பாகத்த நானும் அவளும் கம்பெனி ஹாஸ்டல்ல ஒரே கட்டில்ல உக்காந்து, ஒரு இயர்போன ஆளுக்கு ஒரு காதுல மாட்டிகினு செல்லுல பாத்தோம். அவ திருநெல்வேலிப் பக்கம், நான் வந்தவாசிப் பக்கம். அவ பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவளுக்கு ஆகாது. அந்தப் படம்தான் எங்கள சேத்துச்சு. ரோபோ பட்டாளம் புடிச்சிகினு போன சிநேகிதிய மீட்க ஒருத்தி ஊரையே கொளுத்துவா. படம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் மூக்க சிந்திகினு கெடந்தோம்.

அப்பிடியிருக்க, ரெண்டாம் பாகம் ஸ்ரீபெரும்புதூருக்கு வருதுன்னா விடுவோமா? ஆனா அந்த வாரத்தோட அவளுக்கு கான்ட்ராக்ட் முடியுது. நீட்டிப்பாங்களா, ஊருக்கு அனுப்பிடுவாங்களான்னு தெரியல. சூபர்வைசர கேட்டா, பாக்கலாம்மான்னு செல்ல நோண்டிகினே சொன்னாரு. எங்க கம்பெனியில யாருக்கும் நேரா சொல்ற வழக்கமே இல்ல. மொதல்ல வார்டனுக்குத்தான் சொல்லும், கட்டில் கம்பெனியோடதாச்சே. நீட்டிச்சா அதே கட்டில். இல்லன்னா பொட்டி வராண்டாவுக்கு வந்துடும். எப்பிடியும் திங்கக்கெழமைக்கு மேலதான்னு நெனச்சி, ஞாயித்துக்கெழமை வார்டன்கிட்ட கெஞ்சி பர்மிஷன் வாங்கி ஷேர் ஆட்டோ ஏறினோம்.

படமா அது? தூ. பேரு போட்டு முடிக்கறதுக்குள்ள அந்த சிநேகிதிய கொன்னுட்டான். எப்பிடி செத்தா, யாரு கொன்னாங்க, ஒண்ணும் கெடையாது. ஒரு கல்லறை, அது மேல மழை, கதாநாயகி கண்ணுல ஒரு சொட்டு தண்ணி, அவ்ளோதான். அடுத்த சீன்ல புதுசா ஒரு சிநேகிதி, பளபளன்னு முடி, கையில துப்பாக்கி. அடப்பாவி, மொதல் பாகம் முழுக்க அவளுக்காகத்தானடா நாங்க அழுதோம்?

அப்புறம் ஒரு ராட்சச ரோபோ வந்துது. அது வர்றப்ப ஒரு ட்யூன் போட்டான் பாருங்க, எங்க கம்பெனியில அசெம்ப்ளி லைன் நின்னுபோனா அடிக்குமே, அச்சு அசல் அதே ட்யூன். தியேட்டர்ல பாதி பேரு எங்கள மாதிரி கம்பெனி ஆளுங்கதான். என் வரிசையில அத்தினி பேரும் விருட்டுன்னு எழுந்து நின்னுட்டாங்க, நானும்தான். லைன நிறுத்துனது யாருன்னு கேட்டுகினு சூபர்வைசர் ஓடியாருவாரேன்னு ஒடம்புக்கு பழக்கம். அசடு வழிய உக்காந்தோம். பின்னாடி ஒருத்தன், யாராவது லைன நிறுத்தற அந்த செவப்பு பட்டன அமுக்குங்கடா, வூட்டுக்குப் போலாம்னான். மொத்தப் படத்துலயும் உருப்படியான வசனம் அது ஒண்ணுதான்.

அவ மட்டும் எழுந்திரிக்கல, சிரிக்கவும் இல்ல. ஒரு மழை சீன்ல முடிச்சிட்டானேன்னு ஆட்டோவுல திரும்பத் திரும்ப சொல்லிகினு வந்தா. நான் படம் எடுத்தவனோட பரம்பரையையே வல்லக்கோட்டை வரைக்கும் கேக்கற மாதிரி திட்டிகினு வந்தேன்.

ஹாஸ்டல் வராண்டாவுல அவ பொட்டி இருந்துது. மேல அவ தலாணி, மடிச்ச போர்வை, பல்லு வெளக்கற பிரஷ்ஷு. ரூம்ல அவ கட்டில்ல ஒரு புதுப் பொண்ணு, எண்ணெ வெச்சி வாரின தலையோட, மெரண்டு போயி உக்காந்திருந்துது. எனக்கு வந்த கோவத்துக்கு வார்டன ஒரு வழி பண்ணிடலாம்னு திரும்பினேன். அவ என் கைய புடிச்சிட்டா. அந்தப் பொண்ணு ஏதாவது பேசணுமேன்னு, படம் நல்லா இருந்துச்சாக்கான்னு கேட்டுது.

அவ என்ன பாத்துதான் சொன்னா.

"சினிமாக்காரன் தேவலட்டி. அவன் கல்லறையாவது காட்டுனாம்லா."