பூட்டுப் போட்ட ரெலிபோன்

நேற்றுக் கிளிநொச்சியில் புதுப் போன் வாங்கப் போனேன். கடைப் பிள்ளை என் விரலைத் திரையில் வைக்கச் சொன்னாள். நாலு தரம் வைத்தும் திறக்கவில்லை. "ரேகை தேஞ்சுபோச்சு அன்ரி" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த விரல் திறக்காத போனா?

சண்டைக் காலத்தில் வவுனியாவில் ஒரு அரிசி ஆலைக் கந்தோரில் நான் தட்டெழுத்து வேலை பார்த்தேன். மேசையில் கறுத்த, சுழற்றுகிற ரெலிபோன். நாங்கள் எங்கேயும் அழைப்பு எடுத்துவிடக் கூடாதென்று முதலாளி அதன் இலக்க வட்டில் குட்டிப் பூட்டுப் போட்டிருந்தார். உமி மணம் வந்தால் இன்றும் எனக்கு அந்தப் பூட்டுத்தான் நினைவு வரும். சோறு நினைவு வராது.

என்னோடு வேலை செய்த றீற்றா முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. கொழும்பு லொட்ஜில் இருந்த அவளுடைய தம்பியைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துவிட்டதாகக் கதை வந்தது. போன் எடுத்து விசாரிக்க அந்தப் பூட்டின் திறப்பைக் கேட்டாள். "கந்தோர் போன் கந்தோருக்குத்தான்" என்றார் முதலாளி.

ரிசீவர் வைக்கிற குமிழைத் தட்டினாலும் இலக்கம் போகும் என்று கண்டுபிடித்தவள் றீற்றாதான். ஐந்துக்கு ஐந்து தட்டு, பூச்சியத்துக்குப் பத்து. அவள் லொட்ஜ் இலக்கத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதல் தரம் யாரோ சிங்கள அம்மா எடுத்தார். கணக்கில் நான் எப்போதும் மட்டம். இரண்டாம் தரம் தம்பியே கதைத்தான். "விட்டிட்டாங்கள் அக்கா. அழாதை."

முதலாளி வாசலில் நின்றார். "ஆர் பூட்டைத் திறந்தது?"

றீற்றா கண்ணைத் துடைத்தாள். "பூட்டு பூட்டினபடிதானே கிடக்கு முதலாளி. வடிவாப் பாருங்கோ."

இருவருக்கும் வேலை போனது. அமெரிக்காவில் விசில் ஊதியே காசில்லாமல் கதைத்து ரெலிபோன் கொம்பனியை ஏய்த்தவர்கள் இருந்தார்களாம், மகன் சொல்கிறான். நாங்கள் ஊதியிருந்தால் ஆலையே திரண்டு வந்திருக்கும். செய்தது களவென்றால் களவுதான். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

அந்த ஆலையும் இல்லை, கறுத்த போனும் இல்லை. றீற்றா கடைசிச் சண்டையில் காணாமல் போனாள். இப்போது தம்பிதான் வெளிநாட்டிலிருந்து என்னைக் கேட்கிறான்: "அக்கான்ர கதை ஏதும் வந்ததோ?" போன மாதம் அவனுக்காகக் காணாமல் போனவர்களைப் பதிகிற கந்தோருக்குப் போனேன். மரணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அவளுடைய பதிவுக் கோவையை மூடச் சொன்னார்கள். "மூடுறதெண்டால் மூடுங்கோ. நான் அடுத்த மாதமும் வருவன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

கடைப் பிள்ளை விரலைக் கைவிட்டுவிட்டாள். "புதுப் போனுக்குப் புது இலக்கம் தரட்டோ அன்ரி?"

வேண்டாம் என்றேன். கடைசிச் சண்டைக்கு முன், சமாதான காலத்தில் எடுத்த அந்தப் பழைய இலக்கம்தான் றீற்றாவுக்குத் தெரியும்.