எருமைக் கொட்டகைக்கு அனுமதி

தட், தட், தட். எருமை ஓட்டுகிற தடியால் கதவைத் தட்டினால் இப்படித்தான் கேட்கும். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே இன்றைய தூக்கம் போயிற்று என்று தெரிந்துவிடும். கட்டட அனுமதிக்குப் பிளான் போட்டு மனு எழுதித் தரும் தொழிலில், கூரை இல்லாதவருக்கு அவசரம், முத்திரை வைத்திருப்பவருக்கு அவசரமே இல்லை. நடுவில் உட்கார்ந்து கோடு இழுப்பவனுக்கு இரண்டு பக்கமும் வசவு.

ராத்திரியில் நான் ராயபுரத்துப் பட்டறை ஒன்றில் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பட்டறை டிராப்ட்ஸ்மேன் கசக்கி எறிந்த தாள்களைப் பிரித்துவைத்துத்தான் பிளான் போடக் கற்றேன். பகலில் படுத்தால் தூக்கம் வராது, மனசு எங்கெங்கோ அலையும். ஸ்கேலை வைத்து நாலு கோடு போட்டால் கொஞ்சம் அடங்கும். மனுவைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் வராந்தாவில் நின்று கால் கடுத்தவர்களே, நீங்கள் சிரிப்பீர்களோ பல்லைக் கடிப்பீர்களோ, இது உங்களுக்காக எழுதுவதுதான்.

கடல் போட்ட பிளான்

அன்று தட்டியவர் கன்னியம்மா. திருவொற்றியூரில் ஆறு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவர் கொட்டகை இருந்த வாடகை மனையைப் போன வருஷமே ஒரு தோல் கிடங்கு வாங்கிவிட்டது. மணலி போகிற வழியில் புருஷன் விட்டுப்போன துண்டு நிலம் இருக்கிறது, அதில் கொட்டகை போடவேண்டும், அதற்குப் போர்டு ஆபீஸ் அனுமதி வேண்டும். போன வருஷ மழையில் திறந்த வெளியில் பிறந்த கன்று ஒன்று விறைத்துச் செத்துப்போயிற்று. இந்த வருஷம் பெரிய எருமை ஐப்பசியில் கன்று போடும். அதற்குள் கூரை வேண்டும். அப்போது ஆடி மாதம்.

எங்கள் பக்கத்து ஜனங்களிடம் வடக்கு, தெற்கு என்று சொன்னால் எடுபடாது. “கடலுக்கு முதுகு காட்டி நின்னா எந்தக் கைப் பக்கம்?” என்று கேட்பார்கள். அதனால் நான் போடும் ஒவ்வொரு பிளானிலும் ஓரத்தில் மூன்று அலை வரைந்துவிடுவேன், கடல் இரண்டு மைல் தள்ளி இருந்தாலும் சரி. கன்னியம்மா அலையில் விரலை வைத்து, அங்கிருந்து நகர்த்தி, தன் கொட்டகையைத் தானே கண்டுபிடித்துவிட்டார். ஆபீஸ் குமாஸ்தா வெளியூர்க்காரர். அவர் அந்த அலையை ஏரி என்று எடுத்துக்கொண்டு, நீர்நிலையில் கட்டடம் கட்ட அனுமதி இல்லை என்று எழுதி மனுவைத் திருப்பிவிட்டார். மூன்று வாரம் போச்சு. நேரில் போய் விளக்கினேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: “இங்க இல்லாத கடலை எதுக்குய்யா கொண்டாந்து போட்டே? அதுக்கு எவன் அனுமதி குடுத்தான்?”

பாரத்தில் எருமை இல்லை

இரண்டாம் தடவை அலையை எடுத்துவிட்டேன். இப்போது ஆபீஸ் மனுப் பாரம் மறித்தது. வீடு, கடை, தொழிற்சாலை என்று மூன்றே வகைதான் அச்சடித்திருந்தார்கள். வீடு என்று எழுதினால் சமையலறை எங்கே என்பார்கள். கடை என்றால் விற்பது என்ன என்பார்கள். பால் கறப்பதும் ஒரு தொழில்தானே என்று தைரியமாகத் தொழிற்சாலையில் கோடு போட்டேன். இந்தத் தடவையும், பதில் சொல்லவேண்டிய கடைசி நாள் வரை வைத்திருந்து, புகைபோக்கியின் உயரம் குறிப்பிடப்படவில்லை என்று திருப்பினார் குமாஸ்தா.

அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். அதற்குள் ஆவணி முடிந்துவிட்டது. கன்னியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். பிறகு சொன்னார்: “எங்கூட்டு எருமைங்க பீடி புடிக்கிறதில்லன்னு எழுதிக் குடு நைனா.”

மூக்கைப் பிடித்தவர்

நடுவில் சுகாதார அதிகாரி இடம் பார்க்க வந்தார். சைக்கிளை விட்டு இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. “இவ்ளோ நாத்தத்துல மாட்டுக் கொட்டகைக்கு எப்படிம்மா எழுதறது? சுத்தி ஜனங்க குடியிருக்காங்க” என்று பேனாவைத் திறந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே கன்னியம்மா முந்திக்கொண்டார். அந்த நிலத்தில் அப்போது கோரைப்புல்லும் இரண்டு எல்லைக் கல்லும்தான் இருந்தன. எருமைகள் திருவொற்றியூரில் அவர் தங்கை வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தன. காற்று வந்த திசையில், எல்லா அனுமதியும் வாங்கிய இன்னொரு தோல் கிடங்கு, முற்றம் நிறையத் தோலைக் காயப்போட்டிருந்தது.

கன்னியம்மா மரியாதையாகத்தான் கேட்டார்: “எருமைங்க இன்னும் இங்க வரவேயில்ல சாமி. நாத்தம் மட்டும் முன்னாடியே வந்து எடம் புட்ச்சிக்கினு கீதா?”

ரசூல் சொன்னது

மூர் மார்க்கெட்டில் அட்டை போன கட்டட விதிப் புத்தகம் ஒன்று முன்பே வாங்கி வைத்திருந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் என்று படித்தேன். ஒரு பக்கத்தின் அடியில் கிடைத்தது: குறையில்லாத மனு கொடுத்து, குறித்த நாளுக்குள் பதில் வராமல், ஒரு நினைவுக் கடிதமும் போட்டு, அதற்கும் பதில் இல்லையென்றால் கட்டிக்கொள்ளலாம். குமாஸ்தா ஏன் எப்போதும் கடைசி நாளில் திருப்பினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் பயம் விடவில்லை. நான் படித்தது தப்பாக இருந்தால் கொட்டகையைப் பிரித்துப் போடுவார்கள், மூங்கிலும் ஓலையும் போகும், கன்றும் போகும். காலையில் வேலை விட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்து, என்னோடு கரி தள்ளும் ரசூலிடம் இதைச் சொன்னேன். அவன் டீயை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: “தெனம் நெருப்பு வாயாண்ட நிக்கிற, ஒரு காயிதத்துக்குப் போய் பேஜாராவுறியே தோஸ்து.”

கடப்பாரை வந்த நாள்

மூன்றாவது மனுவை அவர்கள் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் பதிலோடு எழுதினேன். புகைபோக்கிக்கு ‘இல்லை’ என்று கூட எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பி, ஆபீஸ் கையெழுத்தோடு திரும்பி வந்த ஒப்புதல் அட்டையைப் பத்திரப்படுத்தினேன். நாள் கடந்தது. நினைவுக் கடிதம் போட்டேன். அந்த நாளும் கடந்தது. திருப்புவதற்கு ஒன்றும் அகப்படாமல் குமாஸ்தா அதைக் கட்டுக்கு அடியில் தள்ளியிருப்பார் என்பது என் ஊகம். மறுநாள் விடிந்ததும் கன்னியம்மா, தங்கை, தங்கை புருஷன் மூவரும் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். நான் வேலை முடித்த கரிச்சட்டையோடு ஓலை எடுத்துக் கொடுத்தேன்.

கூரை பாதி ஏறியபோது ஓவர்சியர் இரண்டு ஆட்களோடு வந்தார். ஆட்கள் கையில் கடப்பாரை. “யாரைக் கேட்டுக் கட்டறீங்க?” என்றார். ஒப்புதல் அட்டையையும் நினைவுக் கடிதத்தின் நகலையும் விதிப் புத்தகத்தையும் நீட்டினேன். கன்னியம்மா ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓவர்சியர் இரண்டு தடவை படித்தார், விரலை மடக்கி நாள் எண்ணினார், ஆட்களைப் பார்த்து வண்டிக்குப் போகச் சொன்னார். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது என் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதையெல்லாம் உன்னை யாருய்யா படிக்கச் சொன்னது?”

தபால் வந்தது

ஐப்பசி மழை அடைத்துக்கொண்டு கொட்டிய ஒரு விடியலில் பெரிய எருமை கன்று போட்டது. கிடாரி. கூரை ஒரு இடத்தில்கூட ஒழுகவில்லை. மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அனுமதி அளிக்கப்பட்டிருக்கிறது, இந்த உத்தரவு கிடைக்கும் முன் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. நனைந்துகொண்டு போய்க் கன்னியம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோணியால் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. “குமாஸ்தா கையெழுத்துப் போடுற வரிக்கும் வவுத்துலயே இருன்னு நான் கன்னுக்குட்டியாண்ட சொல்லணுமா?”

கட்டி முடித்தவருக்கு வாழ்த்துச் சொல்லி வருகிற கடிதத்துக்குத்தான் அனுமதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது இப்படியாக எனக்கு விளங்கிப்போனதால், வைக்கோல் கொட்டகை கேட்டு எர்ணாவூரிலிருந்து வந்து என் வாசலில் காத்திருந்தவரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, பிளான் வரைகிற புது டிரேசிங் துணியில் மை பிடிப்பதற்காகச் சாக்பீஸ் பொடியைத் தூவித் தேய்க்க ஆரம்பித்தேன்.