எழுபதிலேயே நின்ற முள்

நண்பன் பிரகாஷின் பழைய காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரை நான்தான் பொருத்தினேன். முதலில் அதன் சென்சாரை ஒரு கம்பியால் காரின் உலோகத்தோடு இணைத்து, கொதிக்கும் நீரில் போட்டுப் பார்த்தேன். முள் சரியாக நூறில் நின்றது. அந்தப் பெருமையில், தண்ணீர் கசியக்கூடாதென்று சென்சாரின் மரையில் வெள்ளை டேப்பை ஆறு சுற்று சுற்றி இன்ஜினில் முடுக்கினேன்.

மறுநாள் மாசாயிலிருந்து ஸ்கூடாய்க்கு அவனுடைய வேலை நேர்காணலுக்குக் கிளம்பினோம். அவன்தான் ஓட்டினான். பாதி வழியில் மூக்கைச் சுளித்தான்.

"மச்சான், ஏதோ தீயுற வாடை வருதுலா. நிப்பாட்டவா?"

"எழுபதுதான்டா காட்டுது. மீட்டர நம்பு, ஓட்டு."

நம்பினான். சில நிமிடங்களில் பானெட்டிலிருந்து ஆவி பீறிட, இன்ஜின் இறுகி நின்றது. முள் மட்டும் எழுபதிலேயே இருந்தது. சென்சாரின் மரை இன்ஜினின் உலோகத்தைத் தொட்டு மின்சாரம் பாய்ந்தால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். நடுவில் நான் சுற்றிய டேப் இருந்தது.

அழைத்த வாடகைக் கார் நெரிசலில் சிக்கிக்கொண்டது. பிரகாஷ் கைப்பேசியில், "சாரி மிஸ், கார் ரோசாக் ஆயிருச்சு" என்று கெஞ்சினான். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

என்னிடம் திரும்பிச் சிரித்தான். "அலமாக்! இங்க உன் மீட்டர் மட்டும்தான்டா கூலா இருக்கு."

திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். வண்டி அவனுடையது, வேலையும் அவனுடையது. இருந்தும், நிறுத்தவா என்று என்னைத்தான் கேட்டான்.