மொஸ்கோவில் வாங்கிய கமரா

நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு விலகிவிடுவேன். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் உள்ள தமிழ்க் கடையில், பனி கொட்டும் நாள்களில் ஆட்கள் கோட்டோடு நெருக்கிக்கொண்டு மீன் வாங்க நிற்பதைக் கண்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்திருக்கிறேன். ஒன்பது வயதில் மொஸ்கோவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற வரிசைகளில் ஒட்டிக்கொண்ட வாடை அது.

அப்பா எங்களுக்கு முன்னரே ரொறன்ரோ வந்துவிட்டார். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன “ஏஜென்சி”க்காரரை நம்பி மொஸ்கோவில் ஒரு மாடிக் குடியிருப்பில் காத்திருந்தோம். கம்யூனிஸ்ட் ஆட்சியின் கடைசிக் காலம் அது என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. கடைத் தட்டுகள் வெறுமையாகக் கிடக்கும். எங்காவது ஒரு வரிசை கண்ணில் பட்டால், என்ன விற்கிறார்கள் என்று கேட்காமலே சனம் பின்னால் போய் நிற்கும்.

அங்கேதான் அம்மா கெட்டித்தனம் என்று நினைத்து ஒரு காரியம் செய்தார். ஏஜென்சிக்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த டொலரை, வங்கி தருவதைவிடப் பல மடங்கு ரூபிள் தந்த ஒரு தெருக்காரனிடம் மாற்றிவிட்டார். கொஞ்சத்தைச் செலவழித்து, மிச்சத்தை வங்கியில் திரும்ப டொலராக்கினால் லாபம் என்பது அவருடைய கணக்கு. எங்களுக்கு ரூபிளை டொலராக்கித் தர அந்த நாட்டில் ஒரு வங்கியும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஏஜென்சிக்காரர் ரூபிள் கட்டைத் தொடவும் இல்லை. “உது இஞ்சை மட்டும் செல்லுற காசு, அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள டொலர் தந்தால் ரெண்டு பேரையும் ஏத்துவன். இல்லாட்டி வேற குடும்பம் நிக்குது” என்றார். அன்று அம்மா சமைக்கவில்லை.

வழி சொன்னவர் அங்கே படித்துக்கொண்டிருந்த சிவம் அண்ணை. ஊருக்குப் போகும் வெளிநாட்டு மாணவர்கள், வரிசையில் நிற்கும் சோம்பலில், “பஞ்சி”ப்பட்டு, ரஷ்யக் கமராக்களை டொலர் கொடுத்தே வாங்குவார்களாம். “கமராவை வாங்கித் தாங்கோ அன்ரி, நான் மாத்தித் தாறன்.” ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்றுதான் விற்பார்கள். அம்மா நாள்தோறும் போய் நின்றார். வியாழக்கிழமை விடிந்தபோது, கேட்ட டொலருக்கு இன்னும் ஒரு கமரா குறைந்தது.

அன்று கூட்டம் அதிகம் என்பதால், நின்றவர்களின் உள்ளங்கையில் ஒரு பெண் பேனையால் எண் எழுதிக்கொண்டு வந்தாள். அதைக் காட்டினால் இடையில் வெளியே போய்வரலாம். இடக்கையை நீட்டுவது மரியாதை இல்லையென்று அம்மா வலக்கையை நீட்டினார். மத்தியானம் பசியில் எனக்குத் தலைசுற்ற, வீட்டுக்குக் கூட்டி வந்து, சோற்றை உருளைக்கிழங்குக் கறியோடு குழைத்து எனக்குத் “தீத்தி”விட்டுத் தானும் சாப்பிட்டு, கையை வடிவாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைக்கும்போதுதான் பார்த்தார்.

“நம்பர் அழிஞ்சு போச்சு, பிள்ளை” என்று மெதுவாகச் சொன்னார்.

ஓடிப் போனபோது எங்கள் இடம் கதவடிக்கு வந்துவிட்டது. அம்மா வெறும் கையைக் காட்ட, ஆட்கள் தோளால் தள்ளினார்கள். நான் அழத் தொடங்கினேன். அப்போது, காலையில் எங்களுக்குப் பின்னால் நின்ற சாம்பல் சால்வைக்காரி, தன் உள்ளங்கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, அம்மாவை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார். மொழி தெரியாவிட்டாலும், இவள் எனக்கு முன்னால் நின்றவள் என்று அவர் வாதாடுவது எனக்கே விளங்கியது.

அம்மாவுக்குக் கமரா கிடைத்தது. அன்றைய கடைசிக் கமரா அதுதான். விற்பனைக்காரி கையை விரித்ததும், சால்வைக்காரி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கமராவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, தலை குனிந்தபடி என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினார். சிவம் அண்ணை டொலர் கொண்டுவந்து தர, மறுநாள் நாங்கள் விமானம் ஏறினோம்.

அந்த ஆட்சி போய்விட்டது. அந்த நோட்டுகள் செல்லாமல் போயின, அந்த நாடுகூட அந்தப் பெயரில் வரைபடத்தில் இல்லை. போன கிழமை, ரொறன்ரோவிலேயே வோபர்னில் இருக்கும் அம்மாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“அவவுக்கு அடுத்த நாளும் கியூ இருந்தது, பிள்ளை. எங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை மட்டும்தானே.”

ஓம் என்றேன். சேர்த்து வைத்த காசு வெறும் கடதாசியாகப் போவதற்குள் அதை ஒரு பொருளாக்கிவிடத்தான் அந்தச் சால்வைக்காரியும் அன்று நின்றிருப்பார் என்று எனக்குப் படுகிறது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், “அது தெரிஞ்சிருந்தால் கமராவை அவவிடமே குடுத்திருப்பன்” என்று அம்மா பொய் சொல்லவேண்டி வரும்.