அண்ணன் காரின் முன் கண்ணாடி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது எங்கள் அண்ணனின் அம்பாசிடர் காரில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து வந்தவர்கள். மீதிப் பேர் அதைப் பின்னாலிருந்து தள்ளியவர்கள். அண்ணனைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் அந்தக் கார்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், நம் காலனியில், கூரை வீட்டில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். உலை வெக்கையில் நின்று நின்று அவர் முகம் கறுத்தது. எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்ததும் அந்த வெக்கைதான். அவர் எனக்கு அண்ணன் என்று பேர். நான் அப்பா என்று யாரையும் தேடியதில்லை.

அந்த ஆலையின் அதிகாரிகள் போய்வந்த வெள்ளைக் காரைப் பழசாகிவிட்டது என்று கழித்தபோது, அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். முன் கண்ணாடி மங்கிப்போய், எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாது. என்றாலும், அந்தக் கார் வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்ற மனிதர் அதை ஊர்த் தெரு வழியாகத் தானே ஓட்டி வந்தார். அம்மா ஆரத்தி எடுத்தார். எடுத்து முடிக்கும் முன்பே அழுதுவிட்டார்.

மங்கிய கண்ணாடியை மாற்றுவதுதான் முதல் வேலை. மெக்கானிக்கிடம் கொடுக்க அண்ணனுக்கு மனமில்லை. "நம்ம வண்டி, நம்ம கை படணும்டா" என்றார். முறை இதுதான்: கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிப் பதிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்த வேண்டும். உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு சட்டத்தின் மேல் ஏறி உட்காரும். வெளியே இருப்பவர் அதே இடத்தில் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். அண்ணன் வெளியே, நான் உள்ளே. நெடுஞ்சாலை லாரி இரைச்சலில் பேசினால் காதில் விழாது. ஆகவே அண்ணன் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இழு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. அதற்குப் பிறகு சட்டத்தில் துரு ஏறும்போதெல்லாம் கழற்றித் தேய்த்து மாட்டுவோம். ஒரு வார்த்தை பேசாமல் வேலை முடிந்துவிடும்.

காலனியில் எந்தப் பெண்ணும் எந்தப் பிள்ளையும் மண்டபத்துக்கு வேறு வண்டியில் போகக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். முதல் நாளே கழுவித் துடைத்து, சாமந்திச் சரம் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுவார். பாதி வழியில் நின்றால் மாப்பிள்ளையே இறங்கித் தள்ளியதும் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவர் இந்த மலரைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவரின் இடது கையும் இடது காலும் ஒரு நாள் காலையில் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பக்கவாதம். வாயும் கோணி, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. திருவள்ளூருக்கும் சென்னைக்கும் அலைந்தோம். எண்ணெய் தேய்த்தோம், நேர்ந்துகொண்டோம். கை மடியில் கிடந்தது கிடந்தபடி இருந்தது. அவருடைய ஒரே மகள் பிரியாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆனபோது, அண்ணன் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பாப்பா நம்ம வண்டிலதான் போவணும். நீ ஓட்டு. நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்."

ஆயுத பூஜை வந்தது. காருக்குப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, திருஷ்டி சுற்றிய தேங்காயை அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, கையில் வாங்கினார். மாமாவுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். கார் பக்கத்திலேயே கிடந்த கருங்கல்லில் ஓங்கி அடித்தார். தேங்காய் சிதறியது. ஓட்டுச் சில்லு ஒன்று பறந்து போய்க் கண்ணாடியின் மூலையில் பட்டது. படீரென்று ஒரு சத்தம். மொத்தக் கண்ணாடியும் வெளுத்து, கல்கண்டு கொட்டியது போல உள்ளே கொட்டிவிட்டது.

"இன்னா மாமா, இப்டிப் பண்ட்டியே!" என்று கத்திவிட்டேன். மாமா வெறுங்கையோடு அப்படியே நின்றார். திருஷ்டி கழிக்கப் போய்க் கண்ணாடியைக் கழித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாற்காலியில் இருந்த அண்ணன்தான் முதலில் பேசினார். "உடு. மாமாவத் திட்டாத. வேற மாட்டிக்கலாம்."

வேறு கண்ணாடி எங்கே இருக்கிறது? அந்தக் காரே இப்போது வருவதில்லை. திருவள்ளூர்க் கடைகளில் கைவிரித்தார்கள். கடைசியில் எளாவூர் சோதனைச் சாவடி பக்கம், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் சக்கரம் இல்லாத அம்பாசிடர் ஒன்று நின்றது. கண்ணாடி முழுசாக இருந்தது. "இத்தக் கேக்கறவன் நீ ஒருத்தன்தான் நைனா. ஒடையாம கழட்டினா உன் அதிர்ஷ்டம்" என்றார் அவர். கருவாடாகக் காய்ந்திருந்த ரப்பரை வெளியிலிருந்து பிளேடால் அறுத்தோம். நான் உள்ளே மல்லாந்து, சாக்கை மடித்து வைத்துக் காலால் மெல்லத் தள்ள, மாமா வெளியே குழந்தையை வாங்குவது போல வாங்கினார். போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். மாமா வழி நெடுக மூச்சு விட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

பந்தக்கால் நட்ட அன்று மாட்ட உட்கார்ந்தோம். அண்ணன் தன்னைக் காருக்குள் உட்கார வைக்கச் சொன்னார். "நீ வெளிய அமுக்கு. நான் உள்ள இருந்து தட்றேன்" என்றார். கயிற்றை இழுக்க அவரிடம் கை இல்லை. பிரியா, நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு, "நான் இழுக்கறேன்பா" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அண்ணன் வலது கையால் ஒரு தட்டு தட்டினார். பிரியா இழுத்தாள், நான் அமுக்கினேன். கீழ் விளிம்பு ஏறியது. பக்கவாட்டு ஏறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கோணிய வாயால் சிரித்தார். கடைசி மூலை. அங்கே சட்டம் துருவேறிப் புடைத்திருந்தது. அண்ணன் இரண்டு தட்டு தட்டினார். நான் கையை எடுத்தேன். பிரியாவும் நிறுத்திவிட்டாள். யார் கையும் அதன் மேல் இல்லை. கண்ணாடி தானாகவே வெடித்தது.

"பாப்பா, கண்ண மூடு" என்றார் அண்ணன். அவள் தலையில் கிடந்த சில்லுகளை வலது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவருடைய இடது கையின் மேலும் குவியலாகக் கிடந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. வெளியே நின்ற எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளை போல அழுதேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"கண்ணாடி இல்லாட்டி இன்னா? அப்டியே போலாம்டா" என்று மறுநாள் கேட்டார். நெடுஞ்சாலைத் தூசியில் கல்யாணப் பெண்ணை எப்படி அழைத்துப் போவது என்று அண்ணி தயங்கினார். அண்ணன் மறுபடி கேட்கவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. மண்டபத்துக்குப் போக வாடகைக் கார் வந்தது. பிரியா தார்ப்பாய் மூடிய நம் காரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதில் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்த அண்ணன் திரும்பிப் பார்த்து, "அது பாத்துக்கினே நிக்குதுடா" என்றார்.

பங்குனியில் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். அண்ணன் திரும்பவில்லை.

வாசலில், காருக்குப் பக்கத்தில்தான் அண்ணனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாலை போட்டவர்கள் நகர்ந்த பிறகு குனிந்து பார்த்தேன். அவர் உள்ளே, நான் வெளியே. என் விரல் முட்டி என்னைக் கேட்காமல் அந்த மூடியை ஒரு தட்டு தட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நோயில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வந்து நின்ற ஆலைத் தோழர்களுக்கும், இரவு பகலாகக் கண் விழித்த அண்ணிக்கும், குற்றம் இல்லாமலே குற்றவாளி போல வருடம் முழுக்க நடமாடும் எங்கள் மாமாவுக்கும், எங்கள் குடும்பத்தின் நன்றி. எளாவூர்க்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விஷயம் தெரியாமல், காரியம் முடிந்த மறுநாள் போன் செய்து, "நைனா, இன்னொரு கண்ணாடி மாட்டிக்கிச்சு, வந்து எத்துக்கினு போ" என்றார்.

போய் எடுத்து வந்துவிட்டோம். அண்ணியின் கட்டிலுக்குக் கீழே போர்வை சுற்றி வைத்திருக்கிறது. துருவேறிய மூலையையும் தேய்த்தாயிற்று. வருஷத் திதிக்குப் படையல் போட்ட பிறகு மாட்டலாம் என்றிருக்கிறோம். கயிறு இழுக்கப் பிரியா வருகிறாள். வெளியே அமுக்க நான் இருக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று உள்ளேயிருந்து தட்டத்தான் ஆள் இல்லை.