நல்லா இருக்கிற நாற்பது பேர்

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்பதைவிடக் கேவலமான பிழைப்பு உலகத்தில் இல்லை. சென்சஸ், சர்வே, வாக்காளர் பட்டியல் என்று அட்டையும் பேனாவுமாக வெயிலில் அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள்கூட உங்களில் இருப்பீர்கள்.

நான் பட்டது ஒரே ஒரு கோடை விடுமுறைதான். எழுபதுகளின் கடைசி. பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். அந்த ஒரு கோடைக்கே முகம் கறுத்து, மாதா கோயிலில் பங்குச்சாமியாருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போயிற்று.

பணம் வந்த கதை

எங்கள் புரொபசர் சார் எங்கேயோ ஓர் அறக்கட்டளையைப் பிடித்து, விடுமுறையில் ஆராய்ச்சி செய்ய எனக்கு உதவித்தொகை வாங்கிக்கொடுத்துவிட்டார். "வியாதிக்காரனை எல்லாரும் பார்க்கிறான், வியாதி வராத கிழவனை எவன் பார்த்தான்?" என்பது அவர் கட்சி. எழுபது வயது தாண்டிய, ஆரோக்கியமான நாற்பது பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். பாண்டிச்சேரி எல்லைக்குள் இருக்க வேண்டும். வயதைக் கொம்யூன் ஆபீஸின், அதாவது எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸின், பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் சரிபார்க்க வேண்டும். கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி, இருபது அடி நடக்கவிட்டு, ஊசியில் நூல் கோக்க வைத்து, எடையும் பார்த்து எழுத வேண்டும். பாதித் தொகை முதலில். நாற்பது தாளும் கொடுத்தால் மீதி. முப்பத்தொன்பது கொடுத்தால் ஒன்றும் கிடையாது.

எனக்கு அந்த மீதிப் பாதிதான் உயிர். அப்பா வேலை பார்த்த மில் கதவடைப்பில் கிடந்தது. மூன்றாம் வருஷம் காலேஜுக்குப் போவேனா, பாகூரில் சித்தி வீட்டுக்குத் தையல் படிக்கப் போவேனா என்பது அதில்தான் இருந்தது. மில் மூடியதில் ஒரு லாபம், அப்பாவின் சைக்கிள் சும்மா இருந்தது. எடை மெஷினை அதன் கேரியரில் கட்டிக்கொடுத்துவிட்டு அப்பா கேட்டார்: "நல்லா இருக்கறவன எதுக்கும்மா பாக்கணும்? நல்லா இல்லாதவன் இங்க எத்தினி பேரு கெடக்கறான்!"

முதல் வீடு

ஒதியம்பட்டில் முதல் தெரு, முதல் வீடு. களைக்கொட்டோடு ஓர் அம்மாள் வேகமாக வெளியே வந்துகொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகியபடி, "வழி வுடு பாப்பா, நேரமாவுது" என்றார். "இங்க வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன். "உள்ள இருக்கறான் பாரு" என்று கையைக் காட்டிவிட்டுப் போயே விட்டார்.

உள்ளே கோவிந்தசாமி என்கிற பெரியவர். நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது புல்லுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவர்தான். என் அட்டையைப் பார்த்ததும் பாயில் சாய்ந்து, இருமி, கண்ணை மூடிக்கொண்டார். வயசானவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப் பணத்துக்கு அவர் மனு போட்டிருந்தார். நான் அதை விசாரிக்க வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார். "வயசு எழுபத்தஞ்சு. மூச்சு வுட முடியல" என்று முனகினார். அதற்குள் வாசலில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மனுஷன் பாயிலிருந்து எழுந்தது தெரியவில்லை, வேலியைத் தாண்டியதுதான் தெரிந்தது. கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து, மறுபடியும் அதே பாயில் அதே மாதிரி படுத்துக்கொண்டார். "எங்க வுட்டேன்? ஆங்... மூச்சு வுட முடியல. அத்த எழுதிக்க."

செத்தவர் ஆகாமல் இருக்க

இதற்கு நேர்மாறாக ஒருவர் வில்லியனூரில் கிடைத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். வருஷா வருஷம் ஆபீஸுக்கு நேரில் போய், தான் உயிரோடு இருப்பதைக் காட்டி வருகிறவர். என்னையும் அந்த வகை என்று நினைத்துவிட்டார். மே மாத வெயிலில் கம்பளிக் கோட்டு, மார்பில் மெடல்! இருபது அடி நடக்கச் சொன்னால் தெருக்கோடி வரைக்கும் மார்ச் பண்ணிவிட்டு வந்து சல்யூட் அடிக்கிறார். நான் பயந்து தண்ணீர் கொடுத்தேன். தாகமே இல்லை என்றார்.

ஊசி நூலில்தான் மாட்டிக்கொண்டார். நூலை ஊசிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விட்டுப் பார்த்தார். கடைசியில் கோத்துவிட்டதாகவே பாவனை செய்து, வெறும் ஊசியால் கைக்குட்டையில் நாலு தையல் போட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவமாகவும் இருந்தது. தாளை வாங்கிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கண்ணு தெரியலன்னு மட்டும் எழுதாத பாப்பா. அப்பறம் பாரீசுல என்னிய அடக்கம் பண்ணிடுவானுங்க."

ஒரே நாளில் பதினோரு பேர்

நாட்கள் போகப் போக எனக்குக் கோபம் ஏறியது. உதவிப் பணத்துக்காக நோயாளி வேஷம் போடுகிறவர் பாதி. நிஜமாகவே படுத்திருக்கிறவர் மீதி. நல்லா இருக்கிறவர் ஒருவரைப் பிடிப்பதற்குள் நாக்கு தள்ளியது. அப்படிப்பட்ட நேரத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு தெரு கிடைத்தது பாருங்கள், பொக்கிஷம்! பதினோரு பேர். எல்லாரும் திடமாக இருந்தார்கள். ஊசியைக் கையில் வாங்கிய வேகத்தில் கோத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். வில்லியனூர் என்றார்கள். எனக்கு மோரும் கொடுத்தார்கள். நான் பாட்டுப் பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கொம்யூன் ஆபீஸ் கிளார்க் சார் பழைய பதிவையெல்லாம் புரட்டினார். பதினோரு பேரில் ஒருவர்கூட அதில் பிறக்கவில்லை. எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஒரு வயல் பாண்டிச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாட்டுத் தென்னாற்காடு, அதற்கடுத்தது மறுபடியும் பாண்டிச்சேரி. சந்தைக்கும் தேருக்கும் வில்லியனூர் வருகிறவர்கள் ஊர் பேரைக் கேட்டால் வில்லியனூர் என்றுதான் சொல்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் வாய்க்காலைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. பதினோரு தாளையும் கிழிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம் அது. கிளார்க் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, அந்தத் தெருவுல சாராயக்கடை இருந்திச்சா? இல்லதான? அப்பவே தெரிய வேணாமா, அது நம்ம ஊரு இல்லன்னு!"

படிக்கக் கூடாததைப் படித்தது

இன்னொரு தப்பும் செய்தேன். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே தேறினார்கள். பதிவில் பார்த்த வயதை நான் பெருமையாக வாசலில் நின்று உரக்கப் படித்துவிட்டேன். பெரியவருக்கு எழுபத்திரண்டு, அந்த அம்மாளுக்கு எழுபத்தாறு! அம்பது வருஷமாக மறைத்து வைத்திருந்த விஷயம். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்பம் ஆகியிருக்க வேண்டும். பெரியவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அதான பாத்தேன்! அம்பது வருசமா இவகிட்ட வாயத் தொறக்கறதுக்கு ஏன் ஒதறுதுன்னு!"

முப்பத்தொன்பது

கடைசித் தேதிக்கு முந்தின நாள் கையில் முப்பத்தொன்பது தாள். வேறு வழியில்லாமல் கோவிந்தசாமியிடமே போய் நின்றேன். இந்தத் தாள் அரசாங்கத்துக்குப் போகாது, காலேஜுக்குத்தான் போகும் என்றேன். மில் மூடிக் கிடப்பதையும், நாற்பது ஆகாவிட்டால் என் படிப்பு நிற்கும் என்பதையும் சொன்னேன். அவர் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பத்து தடவை உட்கார்ந்து எழுந்தார், நூலைக் கோத்தார். "போதுமா பாப்பா, இன்னும் ஓடணுமா?" என்று கேட்டார். நல்ல மனுஷன்.

தாளைத் தூக்கிக்கொண்டு கொம்யூனுக்குப் பறந்தேன். கிளார்க் சார் பதிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கோவிந்தசாமிக்கு அறுபத்தெட்டுதான். நான் அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். பாகூர் சித்தியின் தையல் மெஷின் சத்தம் காதில் கேட்டது. கிளார்க் சார் மட்டும் பிரெஞ்சில் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். தாயார் பெயர் அஞ்சலை. பிரசவத்தின்போது தாயாருக்கு வயது பதினெட்டு. பதினெட்டும் அறுபத்தெட்டும் எண்பத்தாறு. அவர் எழுந்து போய் இறப்புப் பதிவுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "செத்ததா எழுதல. அப்ப எங்கியோ இருக்கணும் இல்ல? போய்ப் பாரு."

மல்லாட்டைக் கொல்லை

கோவிந்தசாமி மறுபடியும் பாயில் இருந்தார். "உங்கம்மா இருக்காங்களா?" என்றேன். இருக்கிறாள் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ கேட்டியா?" என்றார். மல்லாட்டைக்குக் களையெடுக்கப் போயிருக்கிறாளாம்.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம். அந்தக் கொல்லையில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்திக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருப்பதிலேயே கூன் விழுந்தவரிடம் போய், "நீங்கதான் அஞ்சலையா?" என்றேன். அவர் முன்னால் கையைக் காட்டினார். எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பினார். முதல் நாள் களைக்கொட்டோடு என்னை வழிவிடச் சொன்ன அதே அம்மாள்! நாற்பது நாளாக நான் காலை பத்து மணிக்கு வீடு வீடாகப் போய், வீட்டில் இருந்தவர்களை அளந்திருக்கிறேன். நல்லா இருக்கிறவர்கள் அந்நேரத்துக்கு வீட்டில் எதற்கு இருக்கப் போகிறார்கள்? படித்தவளுக்கு இது தோன்றவில்லை. வரப்பில் உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

வரிசையை விட்டு வர அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மேஸ்திரி கத்துவானாம். களைக்கொட்டை என் கையில் கொடுத்து அவர் வரிசையை என்னை வெட்டச் சொல்லிவிட்டுத்தான் எடை மெஷின்மேல் ஏறினார். நான் நாலு களையோடு இரண்டு மல்லாட்டைச் செடியையும் வெட்டினேன். உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னதற்கு, "காலையிலேர்ந்து அதான்டி பண்றேன்" என்று திட்டினார். நூலை இரண்டாவது தடவையில் கோத்தார்.

தாளின் கடைசிக் கேள்வி: உங்கள் முக்கியமான கவலை என்ன? களைக்கொட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எம் புள்ளைக்கு வயசாயிடுச்சிம்மா. அந்த ஒதவிப் பணம் அவனுக்கு வருமா? நானும் எத்தினி நாளைக்குத்தான் ஒழச்சிப் போடறது, சொல்லு?"

மீதிப் பாதி வந்தது; நான் மூன்றாம் வருஷமும் படித்தேன்; இப்போது எனக்கே அறுபது தாண்டிவிட்டது, ஆகையால் எந்தப் பெண்ணாவது அட்டையும் எடை மெஷினுமாகக் காலை பத்து மணிக்கு என்னைத் தேடி வந்தால், நான் வீட்டில் இல்லை என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.