தரையக்கா வந்த வீடு

எந்த வீட்டிலும் பிள்ளை முதலில் அம்மா என்றோ அப்பா என்றோதான் சொல்லும். என் மகள் முதலில் சொன்ன சொல் "கால்". அதையும் என்னை அதட்டித்தான் சொன்னாள். இதற்கு முழுக் காரணம் தரையக்கா. வருஷங்கள் ஆகியும் எனக்கு அந்தக் குறை தீரவில்லை.

தரையக்கா என்பது எங்கள் தெரு வைத்த பெயர். வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பழக்கிவிடுவது அவர் வேலை. நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். குழந்தை எங்கே கிடக்கிறதோ, அங்கேயே தரையில் சம்மணம் போட்டுவிடுவார். முன்பு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தவர். "அங்க நாள் பூரா சட்டையோட பேசுனேன், அது திருப்பிப் பேசல. இங்க பரவால்ல" என்பார். அவருடைய பழைய ஸ்கூட்டரைக் கண்டால் தெருநாய்கள் வாலாட்டும். அவர் காலில் இருக்கும் தழும்பு, அவை வாலாட்டக் கற்றுக்கொள்வதற்கு முந்தையது.

எனக்குப் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் வீடு. மூன்று வயது தாண்டியும் மகள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. இவள் பேசுவாளா, மாட்டாளா என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பில்லை.

முதல் நாள் தரையக்கா சும்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் குடத்தைப் பார்த்தாள், தண்ணீர் கொடுத்தேன். கதவைப் பார்த்தாள், செருப்பைக் கொண்டுவந்தேன்.

"அண்ணே, அவ வாயத் திறக்க எப்ப நேரம் குடுப்பீங்க?"

"கேக்கறதுக்குள்ள குடுக்கறது தப்பா டீச்சர்?"

"ரொம்பக் கெட்டிக்கார அப்பாவா இருக்கீங்க. கொஞ்ச நாள் மக்கா இருங்க."

"அது அவருக்குக் கஷ்டமே இல்ல" என்றாள் வீட்டுக்காரி, உள்ளேயிருந்து.

அன்று முதல் நான் மக்கு. வெறும் டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சட்டையை முழங்காலில் மாட்ட வேண்டும். அழவிடக் கூடாது, விளையாட்டாகவே செய்ய வேண்டும். செருப்பு போடும்போதெல்லாம் காலைத் தொட்டு "கால்" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை அவள் டம்ளரைத் தட்டினாள். மனசு கேட்காமல் "தண்ணி வேணுமா கண்ணு?" என்று ஊற்றிவிட்டேன்.

"கெடுத்தீங்க போங்க. அவ உதட்டக் குவிச்சா, அதுக்குள்ள நீங்க முந்திட்டீங்க" என்றார் தரையக்கா.

மாதக்கணக்காக இந்தக் கூத்து. ஒரு நாள் அவர் வந்திருந்தபோது, கடை வாசலில் உட்கார்ந்து மகளின் கையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். டயரோடு நின்ற ஆட்டோக்காரர் சிரித்தார்.

"ஏன்யா, செருப்ப எங்க போடறதுன்னுகூடத் தெரியாதா உனக்கு?"

நான் மற்றச் செருப்பையும் எடுத்து அவள் இன்னொரு கையில் மாட்டப் போனேன். மகள் செருப்பைப் பிடுங்கினாள். என்னை முறைத்தாள். தன் காலில் ஓங்கித் தட்டி, "கால்" என்றாள்.

தரையக்கா கையைக் காட்டி யாரையும் கத்தவிடவில்லை. "போடுங்கண்ணே, சட்டுனு போடுங்க. சொன்னா நடக்கும்னு அவளுக்குத் தெரியணும்."

அவசரத்தில் வார் மாட்டவில்லை. "கால்" என்றாள் மறுபடியும், இன்னும் அதட்டலாக. வீட்டுக்காரி அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்து, அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் அப்போதுதான் புரிந்த ஆட்டோக்காரரும் பஞ்சரை மறந்து தரையில் உட்கார்ந்து, தன் காலைக் காட்டி, "இது என்ன பாப்பா?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்தாள் போல.

பிறகு சொற்கள் மெதுமெதுவாக வந்தன. "அப்பா"வுக்கு முன்னால் "டயர்" வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அவளைப் பள்ளியில் சேர்க்கிற சமயம், தரையக்காவை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் ஸ்கூட்டரைக் கிளப்பியவர், அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஸ்கூல்ல பேரக் கேப்பாங்க. அவ சொல்லுவா, ஆனா நேரமாகும். அதுவரைக்கும் பல்லப் புடுங்கி டாக்டர் பஞ்சு வெச்ச வாய் மாதிரி உங்க வாய் மூடியே இருக்கணும். தலைமை டீச்சர் உங்களத்தான் பாப்பாங்க. நீங்க பாப்பாவப் பாருங்கண்ணே."